இழுக்கிறவள்

பெர்னிக் என்கிற ஊர்ப் பக்கத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து பாடினால் ஒருத்தி கூப்பிடுவாள், இன்னொருத்தி இழுப்பாள். அப்படித்தான் அங்கே சொல்வார்கள். பாட்டின் ஏற்ற இறக்கம், குழைவு, சொல் எல்லாம் கூப்பிடுகிறவளுக்கு. இழுக்கிறவளுக்கு ஒரே ஒரு சுரம். பாட்டு தொடங்கினதிலிருந்து அதையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு அடியின் முடிவிலும் இரண்டு பேரும் சேர்ந்து மேலே எகிறி ஒரு கூவல் போடுவார்கள். அது ஒன்றுதான் அவளுக்கு விடுமுறை. கைதட்டல் யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷமாக கியுர்கா கூப்பிட்டாள், ஷிவ்கா இழுத்தாள்.

அந்த ஷிவ்காவைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தையல் தொழிற்சாலை வாசலில் நிறுத்தி வைத்து கியுர்கா கழற்றிவிட்டாள். சனிக்கிழமை ரேடியோவில் நாட்டுப்பாடல் நேரத்தில் அவர்கள் பாட்டைப் போடுவதாக இருந்தது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதிவை அனுப்பியாக வேண்டும். கியுர்காவின் மருமகன் க்ரும் தன் வீட்டுப் படுக்கையறையிலேயே மைக் வைத்துப் பதிவு செய்திருந்தான்.

"கோவிச்சுக்காதடி," என்றாள் கியுர்கா. "க்ரும் போட்டுக் காட்டினான். உன் குரல் இல்லவே இல்ல. பக்கத்து வீட்டுல யாரோ முனகுற மாதிரி இருக்கு. வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு செவ்தா வர்றா. அவள வச்சுத் திரும்பப் பாடப்போறேன்."

செவ்தா பக்கத்து ஊரான ரதோமிரில் இருக்கிற கியுர்காவின் சித்தி மகள். இழுக்கிற இடத்தின்மேல் நாலு வருஷமாகக் கண் வைத்திருந்தவள். இந்தச் சனிக்கிழமைக்கு மட்டும்தானா என்று ஷிவ்கா கேட்டாள். கியுர்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஷிவ்காவுக்குத் தெரியும்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. போன மாதம் முழுக்கச் சளி. தொண்டை போய்விட்டதோ என்று அவளுக்கே ஒரு பயம் உள்ளூர இருந்தது. இப்போது அதையே கியுர்காவும் சொல்லிவிட்டாள். புருஷன் போனபிறகு அவளுக்கு என்று இருந்தது அந்த ஒரு சுரம்தான். அதுவும் போனால் வாரம் முழுக்க மிஷினைப் பழுதுபார்ப்பதும் ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதும்தான் பாக்கி. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஆனால் ஒன்று. ஷிவ்கா அந்தத் தொழிற்சாலையில் தைக்கிறவள் இல்லை, எண்பது தையல் மிஷினுக்கும் மெக்கானிக். மிஷின் தைக்கவில்லை என்று யாராவது சொன்னால் அவள் நம்பமாட்டாள், உட்கார்ந்து தைத்துப் பார்ப்பாள். தன் தொண்டை விஷயத்தில் மட்டும் மற்றவர்கள் சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டோமே என்று மறுநாள் காலையில் அவளுக்கு உறைத்தது. ஷிப்ட் முடிந்ததும் கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் க்ரும் வீட்டு நாலாவது மாடிக்கு ஏறினாள்.

க்ரும் நல்ல பையன்தான், குறை சொல்லக்கூடாது. கேபிள் கம்பெனியில் வேலை. கடற்கரை ஊரிலிருந்து பெர்னிக்குக்குப் பெண் கட்டி வந்தவன். அறையின் எதிரொலி போக ஜன்னலுக்குக் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, மெத்தையைச் சுவரில் சாய்த்து, பெண்டாட்டியிடம் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். ஷிவ்காவைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது. தன்னால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்துவிட்டதாகவும், அவள் குரலை இதற்குமேல் ஏற்றினால் கம்ப்யூட்டரே கத்துகிறதாகவும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் அதையெல்லாம் விட்டுவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்டைப் போடச் சொன்னாள்.

போட்டான். கியுர்காவின் குரல் கண்ணாடி மாதிரி துலக்கமாக வந்தது. கீழே இருக்க வேண்டிய ஷிவ்கா இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு முனகல், அவ்வளவுதான். இரண்டு அடி அப்படியே போயிற்று. அவமானத்தில் காது சுட, எழுந்து போய்விடலாம் என்று ஹெட்ஃபோனில் கை வைத்தாள். அப்போதுதான் மூன்றாவது அடி தொடங்கியது. தொடங்கின கணத்தில் அவள் குரல் இருந்தது. நன்றாக, முழுசாக இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீரில் போட்ட கல்லாக மூழ்கியது. அடியின் முடிவில் கூவல் வந்தபோது மறுபடியும் மேலே வந்தது.

நாலாவது அடியிலும் அதே. ஐந்தாவதிலும் அதே. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நாற்காலியை இழுத்து மேஜைக்கு ஒட்டிப் போட்டாள்.

"தம்பி, கெட்டுப்போன தொண்டைக்கு எங்க கெடணும்னு கணக்குத் தெரியாது," என்றாள். "ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துல தையல் விட்டா அது நூலோட தப்பு இல்ல. மிஷின்லதான் எங்கயோ இருக்கு. என் குரல் மேல நீ என்னென்ன போட்டிருக்க, சொல்லு."

திரையில் அவள் குரலுக்குரிய பட்டையின்மேல், குரலை மாற்றுகிற ஆறு பெட்டியை க்ரும் அடுக்கியிருந்தான். ஒன்று குரலுக்குக் கோவில் மண்டபத்தின் எதிரொலி தருவது. ஒன்று சத்தம் கூடினால் அமுக்குவது. ஒன்று சுதி விலகினால் இழுத்து நிறுத்துவது. இப்படி ஆறு. எல்லாவற்றையும் ஒரே அடியாக அணைத்துப் பார்த்துவிடலாம் என்று அவன் கையை நீட்டினான். ஷிவ்கா அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு நேரத்தில் ஒன்று. அணை, கேள், திரும்பப் போடு, அடுத்ததற்குப் போ. இரண்டை ஒன்றாக மாற்றுகிறவன் மெக்கானிக் இல்லை, ஜோசியக்காரன் என்று தொழிற்சாலையில் அவள் சொல்கிற பேச்சை அவனுக்கும் சொன்னாள்.

பாட்டை ஸ்பீக்கருக்கு மாற்றிவிட்டு எதிரொலியை அணைத்தார்கள். குரல் வறண்டதே தவிர மேலே வரவில்லை. அமுக்குகிறதை அணைத்தார்கள். கூவல்தான் காதைப் பிளந்தது. சுதிப் பெட்டியை அணைத்தபோது ஒரு மாற்றமும் இல்லை. அதற்குத் திருத்த எதுவும் கிடைக்கவில்லையோ என்னவோ. நாலு, ஐந்து, ஆறு. எல்லாம் முடிந்தது. அவள் குரல் மூழ்கியே கிடந்தது. க்ரும் பரிதாபமாகப் பார்த்தான். ஷிவ்காவுக்கும் அந்த நேரத்தில் நெஞ்சு கொஞ்சம் ஆடித்தான் போனது.

வேறு எதுவுமே போடவில்லையா என்று இன்னொரு முறை கேட்டாள். இல்லை என்றவன், அப்புறம் தலையைச் சொறிந்தான். ஒன்று இருந்தது. பாட்டுக்குச் சம்பந்தமில்லாதது என்பதால் அவன் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. பதிவன்று ஷிவ்கா நின்றது சமையலறைச் சுவர் ஓரம். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ். அதை நிறுத்த மறந்துபோய், அதன் உறுமல் அவள் மைக்கில் ஏறிவிட்டது. அந்த உறுமலை எடுக்க ஒரு இரைச்சல் நீக்கியைப் பட்டையின் தலைமாட்டில் போட்டிருந்தான். அது பொல்லாத கெட்டிக்காரப் பெட்டி. எது நிற்காமல், மாறாமல், ஒரே மாதிரி ஒலிக்கிறதோ அதெல்லாம் இரைச்சல் என்று தானாகவே கண்டுபிடித்துத் துடைத்துவிடும்.

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் வாயை மூடினான். மவுஸை நகர்த்தி அந்தப் பெட்டியை அணைத்தான்.

அறை நிறைந்துவிட்டது. ஷிவ்காவின் சுரம் தரையிலிருந்து எழும்பி நின்றது. அதன்மேல் கியுர்காவின் குரல் இறங்கி உரசியது. இரண்டு சுரமும் அவ்வளவு கிட்டக் கிட்ட நின்றால் நடுவில் ஒரு அதிர்வு பிறக்கும், மணி அடித்தாற்போல. அதற்காகத்தான் அந்த ஊர்க்காரிகள் பாடுவதே. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று க்ரும் பதறி எழுந்தான். கடற்கரைக்காரனுக்கு என்ன தெரியும். ஷிவ்கா அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது.

"அக்கா," என்றான் க்ரும் மெதுவாக, "அது உங்கள ஃபிரிட்ஜ்னு நெனச்சிருக்கு."

அவன் இன்னொன்றும் காட்டினான். குரலின் சுதியைக் கோடாக வரைந்து காட்டும் ஜன்னல் ஒன்றைத் திறந்தான். கியுர்காவின் கோடு மேடும் பள்ளமுமாக ஓடியது. ஷிவ்காவின் கோடு, கூவல் வந்த இடங்களைத் தவிர, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராகப் போனது. மனுஷத் தொண்டையிலிருந்து இப்படி ஒரு கோடு வந்து தான் பார்த்ததில்லை, அந்தப் பெட்டி ஏமாந்ததில் தப்பே இல்லை என்றான். மன்னிப்பும் கேட்டான், இரண்டு முறை.

ஆனால் வேலை முடியவில்லை. குரல் திரும்பியபோது ஃபிரிட்ஜும் கூடவே திரும்பியிருந்தது. பாட்டுக்கு நடுவே கியுர்கா மூச்சு எடுக்கிற இடத்தில் எல்லாம் உர்ரென்று கேட்டது. திரையில் ஒலிகளை உயர வாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லி ஷிவ்கா பார்த்தாள். ஃபிரிட்ஜ் கீழே, அடிமட்டத்தில் கிடந்தது. அவள் சுரம் அதற்கு வெகு மேலே இருந்தது. அப்படியென்றால் ஆளைப் பார்த்து வெட்டுகிற கெட்டிக்காரன் எதற்கு? கீழே ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழ் உள்ளதை மட்டும் வெட்டு, மேலே கை வைக்காதே என்றாள். அவன் கோட்டை மெல்ல மேலே தள்ளிக்கொண்டே வந்தான். உறுமல் தேய்ந்தது, தேய்ந்தது, நின்றது. குரலில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

மாமியாருக்கு உடனே போன் போடுகிறேன் என்று குதித்தான். வேண்டாம் என்றாள் ஷிவ்கா. காதால் கேட்டுக் கழற்றினவள் காதால் கேட்டே திரும்ப மாட்டட்டும்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். கியுர்கா ஒரு கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பனிட்சாத் தட்டும் பின்னால் செவ்தாவுமாக நுழைந்தாள். ஷிவ்காவைக் கண்டதும் நடை தடுமாறியது. செவ்தாவுக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தீர்களா அக்கா, ஒரே ஒரு சுரம்தானே, நானே பார்த்துக்கொள்வேன் என்று சிரித்தாள். ஷிவ்கா க்ருமைப் பார்த்துத் தலையசைத்தாள். க்ரும் பாட்டைப் போட்டான்.

முதல் அடி முடிவதற்குள் கியுர்கா தட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டாள். பாட்டு முடிந்ததும் மருமகனை முறைத்தாள். கம்ப்யூட்டரில் ஏதாவது சேர்த்து ஷிவ்காவின் குரலைப் பெரிதாக்கிவிட்டாயா என்று அதட்டினாள். எதையும் சேர்க்கவில்லை அத்தை, சேர்த்ததை எடுத்தேன் என்று அவன் ஃபிரிட்ஜ் கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். நேர்க்கோட்டையும் காட்டினான்.

கியுர்கா லேசில் நம்புகிறவள் இல்லை. தன் குரலை முழுக்க அணைத்துவிட்டு ஷிவ்காவை மட்டும் போடு என்றாள்.

இழுக்கிறவளைத் தனியாக யாரும் கேட்பதில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஒரே சுரம், மூன்றரை நிமிஷம். கியுர்கா நின்றபடியே கேட்டாள். கூவலைத் தவிர அது ஏறவில்லை, இறங்கவில்லை, மூச்சு மாறிய இடம்கூடத் தெரியவில்லை. செவ்தா முதலில் உதட்டைப் பிதுக்கினாள்; இரண்டாவது நிமிஷத்தில் அதை விட்டுவிட்டாள். பாட்டு முடிந்தபிறகும் கியுர்கா உட்காரவில்லை.

"பத்தொம்பது வருஷமா நான் இதுமேலயாடி நின்னுக்கிட்டிருந்தேன்," என்றாள். "நான் கண்டபடி ஏறினேன், எறங்கினேன், என் சாமர்த்தியம்னு நெனச்சேன். கீழ நீ அசையல. உன் குரலப் போய் இல்லன்னு சொன்னேனே. என் வாயில மண்ண போடு."

ஷிவ்கா மண்ணைப் போடவில்லை, பனிட்சாத் துண்டை எடுத்துப் போட்டாள். மனசு ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். செவ்வாய்க்கிழமை வாசலில் நின்றது அவளுக்கு இன்னும் வலித்தது, அதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் தானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். கியுர்கா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். செவ்தா, பஸ் செலவுக்காவது ஆகட்டும் என்று பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தாள். புதுப் பதிவு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நாலே கால் மணிக்கு க்ரும் பாட்டை அனுப்பினான்.

அரை மணி நேரத்தில் கியுர்காவின் போன் அடித்தது. ரேடியோவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். பாட்டு கிடைத்தது, பிரமாதம், சனிக்கிழமை நிகழ்ச்சியில் முதல் பாட்டாகவே போடப்போகிறார்கள் என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. படிவத்தில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருக்கிறதாம். கியுர்காவின் பேர் இருக்கிறது. அவளுக்குப் பின்னால் விடாமல் ஒலிக்கிறதே, அந்த வாத்தியத்துக்குப் பேர் என்ன, வாசிப்பது யார் என்று கேட்டாள்.

க்ரும் வாயைப் பொத்திக்கொண்டான். கியுர்கா போனை உதட்டுக்கு அருகே கொண்டுபோனாள்.

"வாத்தியம் இல்லம்மா, அது ஒரு பொம்பளை. எங்க ஷிவ்கா. அவ பேர முதல்ல எழுது, என் பேர அதுக்குக் கீழ எழுது. முழுப் பேரு அவளே சொல்லுவா."

போனை ஷிவ்காவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஷிவ்கா ரங்கெலோவா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் வாயைத் திறந்தாள். குரல் அப்படி நடுங்கியது. ரேடியோக்காரப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்காமல், இன்னொரு தடவை சொல்லுங்கள் அம்மா என்று இரண்டு முறை கேட்க வேண்டியதாயிற்று.