பாதைக்குக் கேட்ட அனுமதி

கடிதத்தை எழுதியவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1934இல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குமாஸ்தாக்கள் சிலர் ஒரு ஞாயிறு நடைச் சங்கம் வைத்திருந்தார்கள். வாரமெல்லாம் நாற்காலியில் வளர்த்த தொப்பையை ஞாயிற்றுக்கிழமை மலையேறிக் கரைப்பார்கள். சட்டையில் பச்சை ரிப்பன் குத்தியிருந்தால் சங்கத்து ஆள். அதில் நான் ஒருத்திதான் பெண். பள்ளிக்கூடத்து டீச்சர் என்பதற்காகச் சேர்க்கவில்லை. உலு கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், குன்றைத் தாண்டும் ஒற்றையடிப் பாதை தெரிந்தவள் என்பதற்காகச் சேர்த்தார்கள்.

அந்தப் பாதையை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. தோட்டத்துப் பெண்கள் நடந்து நடந்தே உண்டானது. ஆடி முதல் ஞாயிறு கத்தியோடு போய்ப் புதர் வெட்டி, உச்சியில் முனியாண்டிக் கல்லுக்கு ஒரு சுருட்டு வைத்துவிட்டு வருவார்கள். வேறு பத்திரம் கிடையாது.

"தோட்டத்துத் தொரை பாத்துத் தொரத்துனா என்னம்மா செய்றது?" என்று செயலாளர் இராதாகிருஷ்ணன் கேட்டார்.

"எழுதிக் கேப்போம் சார். எழுத்துல வந்துட்டா யாரும் தடுக்க முடியாது."

எங்கள் வம்சத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். காகிதத்தின்மேல் அப்படியொரு பக்தி. பாதை ஆரம்பிக்கும் இடம், முடியும் இடம் எல்லாம் படம் வரைந்து, உறுப்பினர் பட்டியலோடு துரைக்கு அனுப்பினேன். அதுவரை துரைக்கு அப்படியொரு பாதை இருப்பதே தெரியாது.

பதில் வந்தது. பட்டியலில் பெயருள்ள சங்கத்து உறுப்பினர்கள் எந்த நாளும் நடக்கலாம். மற்றவர்கள் நுழைந்தால் வழக்கு. சங்கத்தில் வடை வாங்கிக் கொண்டாடினோம். அந்த மற்றவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். பாதை ஆரம்பிக்கும் இடத்தில் புதுக் கேட்டும் பூட்டும் தொங்கின. அம்மா வள்ளியம்மா ரப்பர் பால்வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாடி மகாராணி. கேட் போட்டுட்டு வந்துட்டியா?"

"பர்மிஷன்தாம்மா கேட்டேன்…"

"ஒனக்கு பர்மிஷன். எங்களுக்குப் பூட்டு."

குன்றுக்கு அந்தப் பக்கம் ஈயம் தோண்டும் லம்பத்தில் என் தங்கை ரமணி நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம். அம்மா தினமும் வெட்டிய ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்ததும் ஒரு மணி நேரத்தில் பாதை வழியே போய்ச் சேருவாள். சோறாக்கி வைத்துவிட்டு இருட்டுமுன் திரும்புவாள். ரோட்டு வழி பத்து மைல். போனால் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குத் திரும்ப முடியாது.

"நாலு நாளா போகல. லம்பத்துல எல்லாம் ஆம்பளைங்க. வலி எடுத்தா அவ யார் கையைப் பிடிப்பா?"

"நான் தொரைகிட்ட பேசுறேம்மா."

"போதும்லா! எழுதுனதே போதும்."

ஆனாலும் தோட்ட ஆபீசுக்குப் போனேன். அங்கே தலைமைக் கணக்கரான பெரிய கிராணி தலை நிமிராமல், "லிஸ்ட்ல பேரு இருந்தா கேட்டுல காவல் நிக்கிற ஜாகா விடுவான். இல்லாட்டி இல்ல" என்றார்.

நேராக இராதாகிருஷ்ணன் வீட்டுக்குப் போய், தோட்டத்துப் பெண்கள் இருபத்தாறு பேரைச் சங்கத்தில் சேர்க்கச் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்த பழனியப்பன் சிரித்தார்.

"கூலிங்களையா? நாளைக்கு அவங்களோட உக்காந்து வடை சாப்பிடணுமா?"

"நீங்க நடக்குற பாதையை வெட்டுனது அவங்கதான் சார். வடையை நீங்களே வெச்சுக்குங்க."

இராதாகிருஷ்ணன் எழுந்து பட்டியலை எடுத்தார். "எங்கம்மாவும் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுன கூலிதான், பழனி. பேரைச் சொல்லும்மா."

மறுநாள் தொழிலாளர் லயத்தில் மைப்பெட்டியோடு உட்கார்ந்து கைநாட்டு வாங்கினேன். அம்மா கடைசியாக வந்தாள்.

"நாங்க நடந்த பாதையில நாங்க நடக்க, சங்கத்துல சேரணுமா?"

"ஆமாம்மா."

"ரமணிக்காக வெக்கிறேன். ஒனக்காக இல்ல." பெருவிரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இரவிக்கையில் பச்சை ரிப்பன் குத்திய பெண்களைப் பார்த்து ஜாகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் சங்கம் அனுப்பிய புதுப் பட்டியலில் பெயர் இருந்தது. விட்டான். மூன்றாம் நாள் சாயங்காலம் ரமணிக்கு வலி எடுத்தபோது அம்மா பக்கத்தில் இருந்தாள். பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

பெண்கள் அப்படி நடந்தது பத்தொன்பது நாள்தான். ரிப்பன்களைத் துரை கண்ணால் பார்த்த அன்றே மொத்த அனுமதியும் ரத்தானது, குமாஸ்தாக்களுக்கும் சேர்த்துத்தான். பழனியப்பன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நஷ்டமில்லை.

ஆடி முதல் ஞாயிறு பெண்கள் வழக்கம்போல் கத்தியோடு கிளம்பினார்கள். நானும் போனேன். அம்மா என் கையில் ஒரு கத்தியைக் கொடுத்தாள். கேட் இருந்த பக்கமே போகாமல் வேறொரு பக்கமாகப் புதர் வெட்டி உச்சிக்கு ஏறினோம். முனியாண்டிக்குச் சுருட்டு வைத்தோம். அம்மா அப்படியே இறங்கிப் பேத்தியைப் பார்க்கப் போனாள்.

அந்தப் புதுப் பாதை எங்கே ஆரம்பிக்கிறது என்று நான் எழுதமாட்டேன்.