ஒன்பது நாள் நீண்ட பதினொரு மணி

ஸ்ரீரங்கத்தில் வீரமலை வீட்டு மொட்டைமாடியில், போன மே மாதத்துப் புதன்கிழமை ஒன்றின் காலை பதினொரு மணி ஒன்பது நாள் நீடித்தது. கீழே வியாழன் வந்தது, வெள்ளி வந்தது, ஒருநாள் கோடை மழைகூடப் பெய்தது. மேலே வெயில் நின்ற இடத்திலேயே நின்றது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு நூல்கூட முன்னால் நகரவில்லை. மழை பெய்த அன்று பக்கத்து வீட்டு ரங்கநாயகி கேட்டுக்கொண்டு வந்து இரண்டு முறம் வடாம் காயவைத்து எடுத்துப் போனார். நன்றாகவே காய்ந்திருந்தது.

காரணம் வீரமலையின் அக்கா வேணி. ஓசூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனைப் பார்த்துக்கொள்பவள். தினமும் நானூறு பேருக்குச் சாப்பாடு. வருஷத்துக்கு நாலு நாள் லீவில் தம்பி வீட்டுக்கு வருவாள், பையில் ஒரு வாட்டர்கலர் பெட்டியோடு. மாடியில் உட்கார்ந்து தூரத்தில் தெரியும் மலைக்கோட்டையை வரைய வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பத்து வருஷமாக அந்தப் பெட்டி திறக்கப்படாமலே திரும்பிப் போனது. வந்த மறுநாளே யாருக்காவது வளைகாப்பு, யாருக்காவது காதுகுத்து, கடைசியில் கரண்டி அவள் கையில். பச்சை வில்லை காய்ந்து வெடித்தே போயிற்று.

அந்தப் புதன்கிழமை, இன்றைக்கு அடுப்படிக்கு வரமாட்டேன் என்று விடியும்போதே சொல்லிவைத்துவிட்டுத்தான் அவள் மாடியேறினாள். தொட்டி நிழலில் உட்கார்ந்து, முதல் நீலத்தைத் தாளில் இழுத்தபோது கீழே தம்பி போனில் பேசுவது கேட்டது. "சாமி கும்பிட்டுட்டு நேரா வீட்டுக்கு வாங்க. பதினாலு பேருன்னா என்ன இப்ப? அக்கா வந்திருக்கு. அதுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்ல."

சமயபுரத்துக்கு வந்திருந்த அவன் கூட்டாளியின் குடும்பம். வேணிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, தெருவே கேட்கும்படி சொன்னாள்: "டேய், இன்னிக்கு எனக்கு லீவு. அத நான் முழுசா அனுபவிக்கிற வரைக்கும் இந்தப் பதினொரு மணி இங்கயே நிக்கட்டும்."

நின்றது. பதினாலு பேரும் ஓட்டல் பார்சல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வீரமலை முதலில் சிரித்தான், பிறகு கத்தினான், சனிக்கிழமை மேலே வந்து கெஞ்சினான். கடைசிப் படியைத் தாண்டியதும் அவன் போனிலும் புதன் பதினொன்று என்றே காட்டியது. "ஊரே பேசுது, இறங்கி வாக்கா," என்றான். அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே, "பேசட்டும். பேசுற வாய்க்கும் நான்தான் பொங்கிப் போடணுமா?" என்றாள். அவள் கோபத்தில் தொட்டித் தண்ணீர் கொதித்தது. அவன் இறங்கிப் போய்க் குளிப்பதற்கு அதையே பிடித்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் சோற்றுத் தட்டோடு மேலே வந்த பானுமதி, வீரமலையின் மனைவி, தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "நானும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா அண்ணி?" புடவைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு கட்டு எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் குறுக்கெழுத்துப் போட்டிகள், வருஷக்கணக்காக வெட்டி மெத்தைக்கடியில் வைத்தவை. ஒன்றில்கூட ஒரு எழுத்து நிரப்பப்படவில்லை.

"ஏன்டி, உனக்கு நேரமே கெடைக்கலையா?"

"கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆச்சு அண்ணி. நீங்க வந்தா நாலு நாள் எனக்குப் பாதி வேலை கொறையும். அதுக்காகவே நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துட்டு இருப்பேன்."

வேணிக்கு இதுவரை தம்பி மேலிருந்த கோபம் தன் மேலும் திரும்பியது. இந்தப் பெண் சுகமாக இருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள். தொட்டியின் நிழல் ஒரு விரற்கடை பின்னுக்குப் போயிற்று. மணி பத்து ஐம்பது. பானுமதி கீழே இறங்கவில்லை. ஒருத்தி வரைந்தாள், ஒருத்தி கட்டம் நிரப்பினாள். தூக்கம் வந்தால் தூங்கினார்கள்.

கீழே வீரமலை நாலு நாள் பன்னும் டீயுமாக ஓட்டினான். ஒன்பதாம் நாள் தானே உலை வைத்தான். குழைந்த சோற்றையும் அடிப்பிடித்த கத்திரிக்காயையும் இரண்டு தட்டில் போட்டுக்கொண்டு படியேறும்போது போன் அடித்தது. திருவெள்ளறையிலிருந்து பெரியப்பா மகன், குடும்பத்தோடு மதியம் வருகிறானாம். தட்டுகளைப் படியில் வைத்துவிட்டுப் பேசினான். "இல்லண்ணே, இன்னிக்கு வேணாம். வீட்ல ரெண்டு பேரும் லீவு... ஆமாண்ணே, லீவுதான். ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல."

மேலே பெண்கள் இருவரும் நிமிர்ந்தார்கள். மணி பத்து ஐம்பதிலிருந்து மளமளவென்று பதினொன்றுக்கு வந்து, பதினொன்று ஒன்று ஆனது, பிறகு இரண்டு. உப்பில்லாத கத்திரிக்காயை இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

வேணி மன்னித்துவிட்டாள் என்று தெருவில் யாரும் சொல்லவில்லை. ரயிலேறும்போதும் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பானுமதி மட்டும் இப்போதும் புதன்கிழமைகளில் பதினொரு மணிக்கு மாடியேறிக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். அவள் புதன்கிழமை சில வாரம் மாலையோடு முடிகிறது, சில வாரம் வெள்ளிக்கிழமை வரை போகிறது. அப்படிப் போகும் வாரங்களில் வீரமலைதான் சமைக்கிறான். ரசம் பரவாயில்லை என்கிறார்கள்.