லில்லியின் இருமலும் ஒரு நீலப் புடவையும்

1.
ஓசோனைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். ஆக்சிஜன் அணு மூன்று சேர்ந்த வாயு, தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்லும், வானத்தின் உயரத்தில் இருந்தால் வெயிலிலிருந்து காக்கும், மூக்கருகே வந்தால் நெஞ்சை அரிக்கும் என்று எழுதிக்கொண்டே போனேன். கடைசி வரியில் லில்லி வந்து இருமினாள். அதோடு கட்டுரை போயிற்று.

2.
'1969ஆம் ஆண்டு, சின்ன காஞ்சிபுரத்தில் மழை மணம் வீசிய ஒரு காலையில்...'

வேண்டாம். மழையே இல்லை. தணிகாசலத்தின் பட்டுக்கடை உள்ளறையில், இடி இடித்து ஓய்ந்தபின் வருமே, அந்த வாடை அடித்தது. பட்டுக்குப் போட்ட கஞ்சியின் நாற்றம் போகட்டும் என்று அவர் மெட்ராஸிலிருந்து ஓசோன் கக்கும் மின்சாரப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தார். சுத்தமான காற்று, உடம்புக்கு நல்லது என்று விற்றவன் சொல்லியிருந்தான். (விற்றவனை நம்பாதீர்கள். நான் நம்பவில்லை.)

சன்னல் இல்லாத அந்த அறையில் புடவை மடிப்பவள் லில்லி. பெட்டி வந்த நாள் முதல் அவளுக்கு நெஞ்சடைப்பு, வறட்டு இருமல். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் இருமலே இல்லை. தணிகாசலமோ காசநோய் என்று தாமே முடிவுகட்டி, மாதக் கடைசியில் நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

3.
லில்லிக்குப் பெட்டிமேல்தான் சந்தேகம். புடவைக் கட்டுகளில் இழுத்துப் போட்ட ரப்பர் பேண்டுகள் அந்த அறையில் மட்டும் வெடித்து அறுந்தன. போய்ச் சொன்னாள்.

"ரப்பரே வெடிச்சிப் பூடுது முதலாளி. என் நெஞ்சு எம்மாத்திரம்?"

ரப்பர் மட்டமாக இருக்கும் என்றார் அவர்.

[இங்கே ஒரு டாக்டரைக் கொண்டுவந்து உண்மையைச் சொல்லவைத்திருந்தேன். அடித்துவிட்டேன். தணிகாசலம் கேட்டிருக்க மாட்டார்.]

4.
மறுவாரம் பெட்டிக்கு எதிரே, திறந்த தட்டில், கல்யாணத்துக்கு நெய்து வந்த நீலப் புடவை ஒன்று கிடந்தது. பெட்டிக் காற்று பட்ட மேல்மடிப்பு மட்டும் சாம்பலாய் வெளுத்திருந்தது. மனிதர் பதறிப்போய்ப் பெட்டியைத் தம் கையாலேயே பிடுங்கிக் கொல்லையில் போட்டார். ஒரு பெண்ணின் நெஞ்சுக்கு நகராத பெட்டி, ஒரு முழம் பட்டுக்கு நகர்ந்தது. எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆனால் கல்யாணப் புடவைகள் எப்போதும் பீரோவில்தான் இருக்கும். இது எப்படித் தட்டுக்கு வந்தது? லில்லி என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவசரத்தில் மறந்து வைத்தாள் என்று எழுதினேன். என்னாலேயே நம்ப முடியவில்லை. வேண்டுமென்றே வைத்தாள் என்று எழுதத் தொடங்கி, பாதி வரியில்

5.
பெட்டி போனதிலிருந்து இருமல் இல்லை. அதைத் தணிகாசலம் கவனிக்கவில்லை. அவர் சந்தேகம் இப்போது வேறு பக்கம். வெளுத்த புடவையைக் கையில் பிடித்தபடி உள்ளறை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இத்த இங்க வெச்சது யாரும்மா?"

லில்லி வாய் திறக்கிறாள். பதிலை நீங்கள் எழுதுங்கள். உண்மையோ பொய்யோ, எனக்குக் கவலையில்லை. அவள் வேலை மட்டும் போகக் கூடாது.