மஞ்சள் வளையம் வேண்டாம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், உலகில் எவராலும் துப்புத் துலக்க முடியாத கொலை ஒன்று, மூன்றாம் மாடியில், தண்ணீர்க் குழாய் ஒழுகும் ஓர் அலுவலகத்தில், செவ்வனே செய்து முடிக்கப்பட்டுவிட்டது. செய்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை வியாதி. துப்பறியும் வீடியோ கேம்களுக்குத் தடயம் வைப்பது தொழில் என்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே தடயக்காரர் என்று ஆகிவிட்டது.

செத்தவர் ஒரு கடிகாரக் கடைக்காரர். திரையில் தன் அறை நாற்காலியில் சாய்ந்து கிடப்பார். தேநீரில் விஷம் வைத்தவர் அவருடைய கூட்டாளி. இதைக் கண்டுபிடிக்க முதலில் ஏழு தடயங்கள் இருந்தன. வரவேற்பில் இருக்கும் பெண் தேநீர் குடித்தபடியே திரையை எட்டிப் பார்த்து, "ரெண்டு கோப்பை இருக்கே, யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க" என்றாள். தடயக்காரருக்குச் சுருக்கென்றது. மூன்று வருட உழைப்பைப் போகிற போக்கில் ஊதித் தள்ளுவதா? இரண்டாவது கோப்பையை எடுத்துவிட்டார். வாசலில் இருந்த ஈரக் குடையை ஒலிப்பதிவாளர் கண்டுபிடித்தார். குடையும் போயிற்று. யார் எதைக் கண்டுபிடித்தாலும் அது மலிவான தடயம் என்று அவருக்குத் தோன்றிவிடும். "ஆட்டக்காரனுக்கு வியர்க்கணும்யா" என்பார், தனக்கு வியர்த்ததே இல்லை என்கிற மாதிரி.

பிறகு வெளியாட்களை உட்காரவைத்து விளையாடவிட்டார்கள். நான்கு பேரும் தோற்றார்கள்.

"ஒருத்தர் பூனைதான் கொன்னுச்சுன்னு எழுதியிருக்கார் சார்" என்றார் நிறுவனத்தை நடத்தும் அம்மாள்.

"பூனை மேல சந்தேகம் வர்றது நல்லதுதான் மேடம்."

"நல்லதா? பேசாம முக்கியமான பொருளைச் சுத்தியெல்லாம் மஞ்சள் வளையம் போட்டுடலாம். பளிச் பளிச்னு மின்னட்டும்."

தடயக்காரர் பதறி எழுந்தார். வளையம் மின்னினால் ஆட்டக்காரன் யோசிக்க என்ன இருக்கிறது? சோற்றை மென்று ஊட்ட வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும், அதற்குத் தடயக்காரர் எதற்கு? இன்னும் ஒரே ஒருவர், ஒரே ஒரு வாய்ப்பு என்று கெஞ்சினார்.

"ரெண்டு மணி நேரம். அவங்களும் கண்டுபிடிக்கலன்னா வளையம்தான்" என்றார் அம்மாள்.

மறுநாள் காலை தடயக்காரர் தன் அக்காவைக் கூட்டிவந்தார். ஆஸ்பத்திரி ஆவண அறையில் முப்பது வருடம் இருந்தவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்த கண்களுக்கு எதுவும் தப்பாது. கணவர் போய் எட்டு மாதம். அதற்குப் பிறகு அவள் அதிகம் வெளியே வந்ததில்லை.

"நான் எதுவும் சொல்லக் கூடாதுக்கா. நீயாதான் பாக்கணும்."

"நீ வாயை மூடிட்டு இருந்து நான் பாத்ததே இல்லையேடா. அதைப் பாக்கவே வந்தேன்."

மற்றவர்களைப் போல அவள் கண்ட இடத்தில் தட்டவில்லை. மெதுவாக அறையைச் சுற்றிவந்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து மாத்திரை அட்டையைப் பார்த்தாள். பாதி தின்ற ரொட்டியைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் ஜோடியாகக் கிடந்த செருப்பின் அருகே வெகுநேரம் நின்றாள். தடயக்காரர் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் பதிலை எழுதினாள்: இயற்கை மரணம்.

திரை சிவந்தது. தவறு.

"யாரும் கொல்லலடா. உக்காந்தபடியே போயிட்டார்."

"கூட்டாளிக்கா! தேத்தண்ணில விஷம்!"

"எதை வச்சு சொல்ற?"

"அதான் அந்த ரெண்டாவது கோப்பை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மேசையில் ஒரு கோப்பைதான் இருந்தது. "சரி, குடை..." குடை இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அறை முழுக்கத் தானே தேடினார். மருந்துக் கடைச் சீட்டு, கிழிந்த கடிதம், கதவில் கைரேகை, எல்லாம் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக அவரே எடுத்தவை. பதில் தெரிந்தவர் என்பதால், ஏழும் போன பிறகும் அவர் கண்ணுக்கு அந்த அறை முழுக்கத் தடயமாகவே தெரிந்திருக்கிறது.

அக்கா அவரைக் கேலி செய்யவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"உங்க மாமா போனப்போ நானும் ஒரு மாசம் அவர் சட்டைப் பையெல்லாம் துழாவினேன். யாரோ என்னமோ பண்ணியிருக்கணும்னே தோணுச்சு. டாக்டர் தப்பு, மருந்து தப்பு, என் தப்பு. கடைசில ரெண்டு பஸ் டிக்கெட் இருந்துச்சு, அவ்ளோதான்." திரையில் திறந்து கிடந்த இழுப்பறையை அவள் மூடினாள். "நீதான்டா தப்பா எழுதி வச்சிருக்க."

அவள் போன பிறகு தடயக்காரர் நெடுநேரம் அந்த நாற்காலிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையையும் குடையையும் திரும்ப வைக்கலாம். வைத்தால் வரவேற்புப் பெண் தேநீரோடு வருவாள். அதோடு, அக்காவின் பதில் தவறு என்று சொல்ல அந்த அறையில் எதுவும் இல்லை. விடை இருந்த ஃபைலைத் திறந்து கூட்டாளியின் பெயரை அழித்தார். இயற்கை மரணம் என்று எழுதினார். அக்காவின் பதிலை மறுபடி ஓட்டிப் பார்த்தார். திரை பச்சையாயிற்று.

"கண்டுபிடிச்சிட்டாங்களா? அப்போ வளையம் வேண்டாம்" என்றார் அம்மாள். "சரி, யார் சார் கொலைகாரன்?"

"சொல்லிட்டா சுவாரஸ்யம் போயிடும் மேடம்."

விளையாட்டு வளையம் இல்லாமலேயே வெளிவந்தது. அதில் கொலை எதுவும் நடக்கவில்லை.