பூட்டு வாங்கும் சம்பளம்

லிஃப்ட் மெக்கானிக்குக் காலையிலிருந்தே இடுப்பு இல்லை. மொட்டை மாடி மோட்டார் அறையில் குனிந்தபடியே பிரேக்கைச் சரிபார்த்து, இரும்புக் கயிறுகளைத் துடைத்து முடிக்கையில், நிமிர்ந்து நிற்கிற பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

அந்தக் கோலத்தில்தான் அவரும் மச்சானும் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தொழிலில் சரிபாதிப் பங்கு, பேச்சில் கால் பங்குகூடக் கிடையாது. இந்தக் கட்டடத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. செயலாளர் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம் அடுப்பு எரியும். வேறு கட்டடம் கைவசம் இல்லை.

செயலாளர் பேனா மூடியைக் கழற்றினார். சுவரிலிருந்த டிவியில் செய்தி ஓடியது. கால்பந்தில் தடுப்பாட்டக்காரன் ஒருவனுக்கு அவன் கிளப் கொட்டிக் கொடுத்து ஐந்து வருட ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் பூட்டு.

“குடுக்க வேண்டியதுதான்,” என்றார் செயலாளர். “பூட்டு நின்னா அந்தப் பக்கம் ஒருத்தன் வர முடியுதா?”

மெக்கானிக் பேசாமல் தலையாட்டியிருக்கலாம். இடுப்புதான் போயிருந்தது, கழுத்து நன்றாகத்தான் இருந்தது.

“என்ன சார் நீங்க! போன மேட்ச்ல முழுக்கச் சும்மா நின்னான். சட்டைல ஒரு அழுக்கு இல்ல.”

“கோல் விழல இல்ல?”

“விழாததுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா? என் வீட்லகூடத்தான் கோல் விழல. எனக்கு யாரு குடுத்தா?”

மச்சான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். மெக்கானிக் காலை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“அவன் சரியான இடத்துல நிக்கறதாலதான்யா எதிராளி பந்தையே அங்க கொண்டுவரதில்ல.”

“அது எப்படித் தெரியும்? அவன எடுத்துட்டு ஒரு சீசன் ஆடிப் பாக்கட்டும். கோல் விழுந்தா அப்பக் கூப்ட்டுக்கலாம். வருஷம் முழுக்க எதுக்குத் தண்டச் சம்பளம்?”

“மாப்ள, கொஞ்சம் தண்ணி குடிங்க,” என்றார் மச்சான்.

“நியாயத்தத்தான பேசறேன் மச்சான்.”

செயலாளர் யோசித்தார். எதிராளி சொல்வது சரியென்று பட்டால் ஒப்புக்கொள்கிற மனிதர் அவர். சங்கத்திலேயே அப்படி ஒருவர்தான். அவர்தான் அன்று வாய்த்தார்.

“நீங்க சொல்றதும் சரிதான். ஆமா, போன வருஷம் நம்ம லிஃப்ட் எத்தன தடவ நின்னுச்சு?”

“ஒரு தடவகூட இல்ல சார்!” மெக்கானிக் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார். இடுப்புகூட ஒத்துழைத்தது.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

“உள்ள யாராச்சும் மாட்டினாங்களா?”

“வாய்ப்பே இல்ல.”

செயலாளர் பேனாவை மூடினார். “அப்ப லிஃப்ட் நின்னா கூப்பிடறேன். வந்து பாத்துட்டு அன்னிக்கு உள்ளத வாங்கிக்குங்க. நல்ல யோசனை குடுத்தீங்க.” அதில் கிண்டல் துளியும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“சார், லிஃப்ட் வேற, ஃபுட்பால் வேற.”

“எப்படி?”

மெக்கானிக் டிவிப் பக்கம் திரும்பினார். “யோசிச்சுப் பாத்தா பூட்டு நல்ல ஆட்டக்காரன்தான் சார். ஆபத்து வரதுக்கு முன்னாடியே அங்க போய் நிப்பான்…”

“விடுங்க. எனக்கு அவன ரொம்பப் பிடிக்கும். ஆனா நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் இல்லையே.” செயலாளர் வருத்தத்தோடு டிவியை அணைத்தார்.

வெளியே வந்ததும் மச்சான் கருவிப் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“வீட்ல தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாப்ள. உங்களுக்குத்தான் எடுத்துச் சொல்ல வருது.”