பேனரில் விட்ட ஒரு முகம்

சர்ர்ரக்!

செண்பகத்தின் காய்கறிக் கத்தி பேனரைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ஒரு கிழவரின் முகம் வட்டமாகக் கழன்று, திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிரே தார்ரோட்டில் வந்து விழுந்தது.

"ஜல்தி, செண்பகம்! ஆளு வந்துடப் போறாங்க!" ஏணியை இறுக்கிப் பிடித்தபடி அவசரப்படுத்தினாள் தஸ்லீமா.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தினமும் மத்தியானம் இலவசச் சாப்பாடு போடுகிறவள் தஸ்லீமா. அங்கே காய் நறுக்கிக் கொடுப்பவள் செண்பகம். அரிசி கொடுப்பவர் ரைஸ்மில் நடராசன். போன வாரம் அவருடைய ஆள் ஒருவன் பந்தியைச் செல்போனில் படம் பிடித்துப் போனான். அது பஸ் நீளத்துக்கு விஸ்வரூபம் எடுக்கும் என்று யார் கண்டது? 'பசியில்லாத் திண்டிவனம்! வழங்குபவர்: வள்ளல் நடராசன்.' மேலே கும்பிட்ட கையோடு அவர். கீழே, வாயில் வைத்த கவளத்தோடு, பந்தியில் உட்கார்ந்தவர்கள்.

பேனர் ஏறிய மறுநாளே பந்தி காலி. வடித்த சோறு அண்டாவிலேயே ஆறிப்போனது. எங்கேயோ பட்டினியாகத்தான் கிடந்தார்கள். இங்கே வர மட்டும் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

டப டப டப... புல்லட்டை ஏணிக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினார் நடராசன்.

"என் பேனர் மேலயே கத்தி வைக்கறீங்களா?"

"உங்க மூஞ்சி பத்திரமா இருக்குது மொதலாளி, நல்லாப் பாத்துக்குங்க," என்றாள் மேலிருந்து செண்பகம். அதற்குள் கூடிவிட்ட கூட்டத்தில் எவனோ களுக்கென்று சிரித்தான்.

"காய் நறுக்க வர்றவளுக்கு இன்னா வாய்! ஏம்மா தஸ்லீமா, பசின்னா இன்னான்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

"தெரியணும்ண்ணே. யார் மூஞ்சியக் காட்டறீங்களோ, அவங்களக் கேட்டீங்களா?"

"ஓசிச் சோறு துன்றவனக் கேட்டுக்கினு இருப்பாங்களா? இன்னும் ஒரு கீறல் வுழட்டும், நாளையிலேர்ந்து ஒரு படி அரிசி வராது. அண்டாவுல இன்னாத்த வடிப்பேன்னு பாக்கறேன்!"

தஸ்லீமா ஆறிப்போன அண்டாவை நினைத்தாள். அந்த அரிசி இல்லாவிட்டால் நாளைக்கு அடுப்பு எரியாது. அரிசி இருந்து, ஆள் வராவிட்டால்?

"கேப்பைக் கூழ் ஊத்தறேன். அதுக்கும் இல்லன்னா கடை கடையா ஏறிக் கேக்கறேன்." அண்ணாந்து பார்த்துக் கத்தினாள். "நீ வெட்டு, செண்பகம்!"

சர்ரக்! சர்ரக்! முகம் முகமாக உதிர்ந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம். கவளத்தில் கன்னம் உப்பிய, கலைந்த முடி பாதி மறைத்த ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். செண்பகம் அதன்மேல் கத்தியை வைத்தாள். எடுத்தாள். மளமளவென்று இறங்கிவிட்டாள்.

"அத ஏண்டி வுட்டே?" தஸ்லீமா திகைத்தாள்.

"பயந்துட்டா!" நடராசன் கை கொட்டினார்.

செண்பகம் முந்தானையால் கத்தியைத் துடைத்தாள்.

"ஒலக்கூர்ல எனக்கு சொந்த நெலம் இருக்குது மொதலாளி. புயல் மழையில மல்லாட்டைப் பயிரு மொத்தமும் அழுகிப் போச்சு. தஸ்லீமாக்கா, நீங்க வார்டுக்குப் பொட்டலம் எடுத்துக்கினு போவீங்களே, அப்பதான் நான் கடைசிப் பந்தியில குந்துவேன். காய் நறுக்க வந்ததே அந்த ஒரு வேளைக்குத்தான்."

நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"மத்தவங்கள ஒருத்தரும் கேக்கல. இத நானே தர்றேன். பசியப் பாக்கணும்னா நல்லாப் பாருங்க. அது என் மூஞ்சி."