கத்தம் ஓதப்பட்டவள்

கேகாலைப் பூங்காவில் அன்று காலை அப்லால் கபரகொய்யாவை நாற்பத்தொரு படம் எடுத்தார். முதலைக்குத் தம்பி போன்ற அந்த நீர் உடும்பு குளத்துப் படியில் வயிறு பரப்பிக் கிடந்து, நாக்கை மட்டும் நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வான்களும் ஓட்டோக்களும் பத்தடி தள்ளி இரைந்துகொண்டு போயின. அது கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

அப்லாலுக்கு அறுபத்தொரு வயது. மாவனல்லைக்காரர். நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாள் முதல், தோளில் கேமராவும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையுமாக ஊர் ஊராகப் பூங்காக்களுக்குப் போய்வருகிறார். காட்டு யானையைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே பிழைத்துக் கிடக்கிற பிராணிகளை யார் பார்க்கிறார்கள் என்பது அவருடைய கட்சி. இந்தச் சுற்றலில் மாகாணத்தில் அவர் கால் வைக்காத ஊர் இரத்தினபுரி ஒன்றுதான். எம்பிலிப்பிட்டியவுக்கு இரண்டு தரம் போனபோதும், இரத்தினபுரியைத் தாண்டும்வரை பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். இந்த முறை ஏனோ நேராக அங்கேயே டிக்கெட் எடுத்துவிட்டார்.

போகும் வழியில் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பதினேழாவது படத்தில் ஒரு பெண் இருந்தாள். தலையில் வெள்ளைத் துணி, கையில் விளக்குமாறு, முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றாள். அங்கே ஆள் யாரும் இருக்கவில்லையே என்று நினைத்தார். இருபத்திரண்டாவது படத்தில் இன்னும் கிட்ட வந்திருந்தாள். கடைசிப் படத்தில் கபரகொய்யாவுக்குப் பின்னால், அதே படியில் நின்றாள். ஒரு மனுஷி அவ்வளவு பக்கத்தில் நின்றால் அந்தப் பிராணி தண்ணீரில் பாய்ந்திருக்கும். அப்லால் கேமராவை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

இரத்தினபுரியில் இறங்கும்போது மணி மூன்று. மழை வரப்போகிற இருட்டு. ஆற்றங்கரைப் பூங்காவில் மாரா மரங்கள் முழுக்கப் பழந்தின்னி வௌவால்கள் கறுத்துத் தொங்கின. லென்ஸை உயர்த்தி ஒன்றைப் பிடித்தார். அதன் வாயிலிருந்து தவறிய காய் கீழே விழுந்தது. லென்ஸும் கூடவே இறங்கியது. காய் விழுந்த இடத்தில் வெள்ளைத் துணியும் விளக்குமாறுமாக ஒரு பெண் நின்றாள். முதுகு அவருக்குத் தெரிந்த முதுகு. அவள் திரும்பினாள்.

"அப்லால்தானே? வாப்பாவோட மூக்கு அப்படியே இருக்கு," என்றாள்.

அது அவருடைய மூத்த சகோதரி நூரியா. அவர் வீட்டில் அவளை ராத்தா என்பார்கள், அல்லது மவுத்தானவள், இறந்துபோனவள், என்பார்கள். உயிரோடிருப்பவர்களுக்குச் சொல்கிற ஸலாமா, கபுராளிகளுக்குச் சொல்கிற ஸலாமா, எதைச் சொல்வதென்று அவர் நாக்குக்குத் தெரியவில்லை.

"பயப்படாத. காலப் பாரு, தரையிலதான் இருக்கு."

"ராத்தா, நீங்க இங்க கூட்டுறீங்களா?"

"கூட்டுறேன். கொந்தராத்து வேல, நிரந்தரமில்ல. அவரு போய்ச் சேந்து ஏழு வருசமாச்சு. சும்மா குந்தியிருக்க முடியுங்களா?"

அவள் பேச்சில் தோட்டத்துத் தமிழ் ஏறியிருந்தது. மீராசாஹிப் ஹாஜியாரின் மகள் கையில் ஊர்க் குப்பை! யாராவது பார்க்கிறார்களா என்று அப்லால் நாலு பக்கமும் பார்த்தார்.

முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னர், இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த ஸ்ரீதரனோடு நூரியா போய்விட்டாள். தேடிப் போனவர் அப்லால்தான். தோட்டத்துக் குவார்ட்டர்ஸ் வாசலில் அவளைக் கண்டார், வரமாட்டேன் என்றாள், தனியாகத் திரும்பினார். வீட்டுக்குப் பின்னால் வாப்பா அவரை நிறுத்தி, சொல்லவேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார். இரத்தினபுரியில் காய்ச்சலில் மவுத், வெள்ளத்தில் பாதை மூடியதால் அங்கேயே அடக்கம். அதை உம்மாவிடமும் ஊரிடமும் அப்லால் தன் வாயாலேயே சொன்னார், பள்ளிவாசலில் வாப்பாவும் அதையே சொன்னார். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் நாற்பதாம் நாளும் கத்தம் ஓதி ஊருக்குச் சோறு கொடுத்தார்கள். இரண்டு தங்கைகளுக்கும் நல்ல இடத்தில் நிக்காஹ் நடந்தது. வாப்பா போன பிறகு அந்தப் பொய்யைச் சுமக்க மிஞ்சியவர் அப்லால் ஒருவர்தான். அது அவிழ்ந்தால் பள்ளிவாசலில் ஹாஜியார் சொன்ன சொல் பொய்யாகும், தங்கைகள் புகுந்த வீடுகளில் தலை குனிய வேண்டிவரும்.

"எனக்குக் கத்தம் ஓதினீங்களாமே?"

"யாரு சொன்ன?"

"மாவனல்லையில இருந்து சாரம் சட்ட விக்க வந்த ஆளு. ஹாஜியாரோட மூத்த மக மவுத்துன்னு எங்கிட்டயே சொல்லிட்டு, ரெண்டு சாரத்த வித்துட்டுப் போனாரு. என்ன கறி?"

"என்ன?"

"என் கத்தத்துக்கு."

"ஆட்டிறச்சி."

"பரவாயில்ல. வாப்பா கை சுருங்கல்ல."

அப்லால் கேமராவை எடுத்து, காலையில் விழுந்த கடைசிப் படத்தைக் காட்டினார். "காலையில கேகாலைக்கு வந்தீங்களா?"

அவள் கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தாள். "வீட்ட விட்டுப் போனதுக்கப்புறம் நான் ருவன்வெல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் வந்ததே இல்லடா. நானேதான் நிக்கிற மாதிரி இருக்கு." கேமராவை அவர் கையில் திருப்பி வைத்தாள். "ஓதி அனுப்பினீங்கல்ல, அவளா இருக்கும். வீடு வரைக்கும் போக முடியாம கேகாலையிலயே நிக்கிறா."

மரத்தில் ஒரு வௌவால் சிறகை விரித்து மூடியது.

"உம்மா இருக்காங்களா?"

"இரிக்கிறா. எண்பத்தாறு. கண் தெரியல்ல, காது நல்லாக் கேக்கும்."

"ஒன்னோட பேரு கெட வேணாம். நான் வந்து நிக்க மாட்டேன்," என்றாள் ராத்தா. "போன் போட்டு நீ பேசு. நான் பக்கத்துல இருந்து கொரல மட்டும் கேட்டுக்கிறேன். வாயத் தொறக்க மாட்டேன்."

இதில் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்று பட்டது. அவர் வீட்டுக்கு அழைத்தார். மகள் ஷிப்னா எடுத்தாள்.

"வாப்பும்மாட கையில குடு, மகள்."

போனை வெளியே கேட்கும்படி வைத்து இருவருக்கும் நடுவில் பிடித்தார். உம்மாவின் குரல் வந்தது. "எங்க மகன் நிக்கிற? மழைக்கு முந்தி வா. ஒனக்குப் பிட்டு வச்சீக்கி."

ராத்தா விளக்குமாற்றை மார்போடு இறுக்கினாள். வாயை ஒரு கையால் பொத்தினாள். அப்படியும் விரல்களுக்கு நடுவால் ஒரு சொல் கசிந்துவிட்டது.

"உம்மா."

அப்லாலின் பெருவிரல் போனை அணைக்கப் போனது.

"நூரியா," என்றாள் உம்மா. அந்தக் குரலில் ஆச்சரியம் இல்லை. "எங்கேருந்து மகள் பேசுற? அங்க வெளிச்சம் ஈக்கா?"

ராத்தா மேலே பார்த்தாள். வௌவால்களுக்கு நடுவே மழை மேகம்தான் தெரிந்தது. "இருக்கு உம்மா."

"தண்ணி குடிக்கத் தாராங்களா?"

"தர்றாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்." உம்மா மூச்சு வாங்கினாள். "அப்லால் ஒன் பக்கத்துலயா நிக்கிறான்? அவனக் கூப்பிடாத மகள். ஒனக்குத் தனிமைதான், எனக்கு வெளங்குது. ஆனா அவனுக்குப் புள்ள குட்டி ஈக்கி. அவன வீட்டுக்கு அனுப்பிடு."

ராத்தாவின் முகம் ஒரு கணம் உண்மையிலேயே செத்தவளுடைய முகமாயிற்று. அவள் போனை அவர் பக்கம் தள்ளினாள். "நீயே சொல்லு, நீ எந்த ஒலகத்துல நிக்கிறன்னு."

அப்லால் வாப்பாவை நினைத்தார், தங்கைகளை நினைத்தார். அதே வாயால் அன்று சொன்னது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதும் நினைவுக்கு வந்தது.

"உம்மா, ராத்தா மவுத்தாகல்ல," என்றார். "நான்தான் பொய் சொன்ன. உயிரோட ஈக்கிறா, இரத்தினபுரியில. நான் கூட்டிக்கிட்டு வாறன்."

முதல் மழைத்துளிகள் இலையில் விழுந்தன. உம்மா அழவில்லை, ஏசவில்லை. கணக்குப் பிசகியவளைப் போல மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இவளுக்காக நான் ஓதின யாஸீனெல்லாம், முப்பத்தொன்பது வருஷமா யாருக்கு, மகன், போய்ச் சேந்த?"